ஸ்வேட் ஷூவில் அத்தோ எண்ணெய் கொட்டிவிட்டது, ஞாயிற்றுக்கிழமைக்குள் போகுமா?

தண்டையார்பேட்டை 81 | திங்கள், காலை 8.50

எல்லோருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம். வருகிற ஞாயிறு பெரியப்பா மகளுக்குத் திருவொற்றியூரில் ரிசப்ஷன். அதற்கென்றே ஒட்டக நிறத்தில் ஒரு ஸ்வேட் ஷூ (வெல்வெட் மாதிரி இழை நிற்குமே, அந்தத் தோல்) வாங்கினேன், 3,200 ரூபாய், என் சம்பளத்துக்கு அது பெரிய தொகை. புது ஷூ அன்றைக்குக் காலைக் கடித்தால் என்ன செய்வது, ஒரு தடவை போட்டுப் பழகிவிடுவோம் என்று நேற்று சாயங்காலம் மாட்டிக்கொண்டு நண்பனோடு பர்மா பஜார் போனேன். சார்ஜர் வாங்கினோம், அப்புறம் செகண்ட் லைன் பீச் தெருவில் நின்றபடியே அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டோம். தட்டைச் சாய்த்தது நான்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. பூண்டு எண்ணெயும் மிளகாய்த்தூளுமாக வலது ஷூவின் முன்பக்கம் சொட்டிவிட்டது.

முதலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் இருந்தது. டிஷ்யூவை வைத்து அழுத்தித் தேய்த்தேன், பத்து ரூபாய் நாணயம் ஆனது. பதறிப்போய் கர்ச்சீப்பை நனைத்துத் துடைத்தேன். இப்போது நடுவில் கறுப்பாக ஒரு வட்டம், சுற்றிலும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு, கிரகணம் பிடித்த மாதிரி இருக்கிறது. அம்மா கோலமாவு தூவச் சொல்கிறார். தூவலாமா?

பெரம்பூர் பென்ஷனர் | திங்கள், காலை 9.15

ஐப்பசி மாதத்தில், மெட்ராஸில், ஸ்வேட் ஷூ. அதையும் போட்டுக்கொண்டு நின்றபடி அத்தோ. உனக்கு யாரப்பா இந்த யோசனை கொடுத்தது? நாங்கள் எல்லாம் ஒர்க்ஷாப்பில் கிரீஸோடு கிரீஸாகப் புரண்டவர்கள், எங்கள் ஷூவில் கறை எது ஷூ எது என்றே தெரியாது. அதனால் கவலையும் இருந்ததில்லை.

வண்ணை அக்கா | திங்கள், காலை 9.40

ஐயா, பிள்ளை பதற்றத்தில் இருக்கிறான், நீங்கள் வேறு.

தம்பி, முதலில் அதைத் தொடுவதை நிறுத்து. தண்ணீர் வேண்டாம், சோப்பு வேண்டாம், ஹேர் டிரையர் வேண்டாம். வாசனைப் பவுடர் இருந்தால் (வெள்ளையாக இருக்க வேண்டும், ரோஸ் கலரில் வருவது வேண்டாம்) கறை தெரியாத அளவுக்குக் குவித்துப் போட்டு ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடு. என் மகள் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு என்னுடைய ஸ்வேட் கைப்பை மேல் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள், அந்தக் கறையே மூன்று ராத்திரி பவுடரில் முக்கால்வாசி போய்விட்டது. நான் சோள மாவு போட்டேன், இரண்டும் ஒன்றுதான்.

லாஞ்ச் மெக்கானிக் | திங்கள், காலை 10.05

மூன்று ராத்திரி எதற்கு? எண்ணெயை எடுக்கப் பெட்ரோலைவிட நல்லது எது? பஞ்சில் கொஞ்சம் தொட்டு இரண்டு துடை, முடிந்தது. காசிமேட்டில் எங்கள் கைக்குக் கிடைப்பதே அதுதான், எஞ்சின் ஆயில் பட்ட பேண்ட்டை எல்லாம் அப்படித்தான் சுத்தம் செய்கிறேன். கார்புரேட்டர் கிளீனர் இருந்தால் இன்னும் வேகம்.

தண்டையார்பேட்டை 81 | திங்கள், காலை 10.10

மச்சி, பெட்ரோல் கைவசம் இருக்கிறது, வண்டியிலிருந்து எடுத்துவிடலாம். செய்து பார்க்கட்டுமா?

பெரியமேட்டுக்காரன் | திங்கள், காலை 10.12

செய்யாதே. பாட்டிலைக் கீழே வை. பத்து நிமிடத்தில் விவரமாக எழுதுகிறேன்.

பெரியமேட்டுக்காரன் | திங்கள், காலை 10.48

மன்னிக்கவும், சரக்கு வந்துவிட்டது. பெரியமேட்டில் தோல் மண்டியில் இருபது வருடம் இருந்தேன், இப்போது ஷூ மேல்தோல் விற்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தோலுக்கு இரண்டு பக்கம். முடி இருந்த பக்கம் வழவழப்பாக இருக்கும், நாம் பாலிஷ் போடுகிற ஷூவெல்லாம் அந்தப் பக்கம். உள்ளே சதையை ஒட்டியிருந்த பக்கத்தைத் தேய்த்து இழைகளைக் கிளப்பிவிட்டால் அதுதான் ஸ்வேட். (சுவீடனிலிருந்து வந்த மென்மையான கையுறைகளைப் பிரெஞ்சுக்காரர்கள் அந்த நாட்டுப் பெயராலேயே அழைத்தார்கள், ஸ்வேட் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான்.) வழவழப்பான தோலில் மேலே ஒரு பூச்சு இருக்கும், எண்ணெய் பட்டால் துடைத்துவிடலாம். ஸ்வேட்டில் பூச்சே கிடையாது, திறந்த இழைதான். திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அது இழுத்துக்கொள்ளும். இழைகளுக்கு நடுவில் காற்று இருக்கிற வரை நிறம் வெளிர்ப்பாகத் தெரியும், அந்தக் காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்துவிட்டால் கறுப்பாகத் தெரியும். நனைந்த சட்டை இருண்டு தெரிவதும் இதனால்தான். சாயம் போய்விட்டது என்று பயப்படாதே, பெரும்பாலும் போயிருக்காது.

இதையே பவுடர் பக்கத்திலிருந்து பார். இழையைவிட நுணுக்கமான பொடியை மேலே குவித்தால் அது தோலை விடப் பலமாக எண்ணெயை இழுக்கும். மெதுவாகத்தான் இழுக்கும், ஒரே தடவையில் முடியாது. அக்கா சொன்ன மூன்று ராத்திரி சரியான கணக்கு.

இப்போது பெட்ரோல். அது எண்ணெயைக் கரைக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கரைந்த எண்ணெய் எங்கே போகும்? பெட்ரோல் பரவுகிற இடமெல்லாம் கூடவே போய் ஓரத்தில் போய் நிற்கும், பெட்ரோல் பறந்த பிறகு பெரிய வளையமாகத் தெரியும். இரண்டாவது, தோலைப் பதனிட்ட பிறகு அது வறண்டு பலகை ஆகாமல் இருக்க நாங்களே எண்ணெய் ஏற்றுவோம், ஃபேட் லிக்கர் என்று பெயர். பெட்ரோலுக்கு அத்தோ எண்ணெய் எது, அந்த எண்ணெய் எது என்று தெரியாது, இரண்டையும் எடுத்துவிடும், அந்த இடம் மட்டும் விறைப்பாக வெளுத்துப்போகும். மூன்றாவது, மேல்தோலையும் அடியையும் பிடித்திருக்கிற சொல்யூஷன் இளகும். ரிசப்ஷன் மேடையில் அடி பிளந்தால் என்ன செய்வாய்? தீப்பிடிக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கோலமாவு கல் பொடி, அது எண்ணெயைக் குடிக்காது, இழையைத்தான் அறுக்கும். அரிசி மாவுக் கோலமாக இருந்தால் குடிக்கும், எறும்பும் வரும். ஆப்ப சோடாவும் வேண்டாம், பலர் சொல்வார்கள். தோல் லேசான புளிப்புத்தன்மையில் பதனிட்ட பொருள், சோடா அதற்கு நேர் எதிர், ஈரம் பட்டால் நிறம் கருகலாம். சோள மாவு, வெள்ளை வாசனைப் பவுடர், முல்தானி மட்டி மூன்றில் ஒன்று போதும். உன்னுடையது வெளிர் ஒட்டக நிறம் என்பதால் முல்தானி மட்டியின் பழுப்பு தெரியாது, ஆனாலும் சோள மாவே போதும்.

இரண்டு கேள்வி: அது நிஜ ஸ்வேட்தானா? தண்ணீரில் துடைத்த இடம் காய்ந்துவிட்டதா?

தண்டையார்பேட்டை 81 | திங்கள், மதியம் 1.20

அண்ணே, நல்லவேளை. பெட்ரோல் ட்யூபைக் கழற்றிவிட்டுத்தான் உங்கள் பதிவைப் பார்த்தேன்.

காய்ந்துவிட்டது. நிஜமா போலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெட்டியில் தோலின் படம் மாதிரி ஒரு குறி இருக்கிறது.

பெரியமேட்டுக்காரன் | திங்கள், மதியம் 2.00

அந்தக் குறி நல்ல அறிகுறி. ஷூவின் நாக்கை இழுத்து வெட்டிய ஓரத்தைப் பார். தாறுமாறாக நார் நாராக இருந்தால் தோல். துணி நெய்தது மாதிரி வரிசையாக இழை தெரிந்தாலோ, ஓரம் முழுக்க ஒரே சீராக இருந்தாலோ மைக்ரோஃபைபர், அது பாலியெஸ்டர்.

கொருக்குப்பேட்டை கேட் | திங்கள், மாலை 6.30

இதற்கு இவ்வளவு பாடமா? என் ஸ்வேட் ஷூவில் பிரியாணி எண்ணெயே கொட்டியது, வாஷிங் மெஷினில் சோப்புத்தூள் போட்டுத் துவைத்தேன், புதுசு மாதிரி வந்தது. வேலை இல்லாதவர்கள் எல்லாவற்றையும் பெரிதாக்குகிறார்கள்.

பெரியமேட்டுக்காரன் | திங்கள், மாலை 6.55

எவ்வளவுக்கு வாங்கினீர்கள்?

கொருக்குப்பேட்டை கேட் | திங்கள், மாலை 7.02

எம்.சி. ரோட்டில், 650.

பெரியமேட்டுக்காரன் | திங்கள், மாலை 7.04

அது மைக்ரோஃபைபர். தாராளமாகத் துவைக்கலாம், ஒன்றும் ஆகாது, உங்களுக்கு அது சரியான வழிதான். தம்பி, நீ அதைப் பின்பற்றினால் ஷூ குழந்தைக்குப் போடுகிற அளவுக்குச் சுருங்கி வரும்.

தண்டையார்பேட்டை 81 | செவ்வாய், காலை 7.30

நார் நாராகத்தான் இருக்கிறது, நிஜத் தோல். நேற்று ராத்திரி சோள மாவைக் குவித்து, லேசாக விரலால் ஒற்றி, பால்கனியில் வைத்தேன். காலையில் பார்த்தால் ஷூவைச் சுற்றி எறும்பு ஊர்வலம், உள்ளே இன்சோல் வரைக்கும் போய்விட்டது. தட்டிவிட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மேலே இருந்த மாவு வெள்ளையாக இருக்க, அடியில் கறையை ஒட்டியிருந்த மாவு மட்டும் கடலை மாவு நிறத்தில் பக்கோடா மாதிரி கட்டியாகப் பெயர்ந்து வந்தது. எண்ணெய் வெளியே வருகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிட்டேன். நடுவட்டம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, ஆரஞ்சு கோடு அப்படியே இருக்கிறது.

வண்ணை அக்கா | செவ்வாய், காலை 8.10

தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் ஷூவை வை, எறும்பு வராது. சர்க்கரை டப்பாவுக்குச் செய்கிற மாதிரிதான். இல்லையென்றால் இன்றைக்கு வாசனைப் பவுடருக்கு மாறிவிடு, அதை எறும்பு தொடாது.

கட்டியைப் பெயர்த்த பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் லேசாக வாரு, உலர்ந்த பிரஷ். அப்புறம் புதுப் பவுடர். பழையதையே திரும்பப் போடாதே, அது குடித்து முடித்துவிட்டது.

பெரியமேட்டுக்காரன் | செவ்வாய், காலை 9.00

ஆரஞ்சு கோடு வேறு விஷயம். மிளகாயின் சிவப்பு எண்ணெயில் கரையும், எண்ணெயோடு சேர்ந்து பவுடரில் வந்துவிடும். ஆனால் அத்தோ நூடுல்ஸில் போடுகிற கலர் பொடி தண்ணீரில் கரையும். எண்ணெயோடு அதுவும் கொஞ்சம் விழுந்திருக்கிறது, நீ ஈரக் கர்ச்சீப்பால் துடைத்தபோது அதைக் கரைத்து ஓரத்துக்குத் தள்ளிவிட்டாய். ஒன்றில்லை, இரண்டு கறை. முதலில் எண்ணெய் முழுக்கப் போகட்டும், கோட்டை அப்புறம் பார்ப்போம். வரிசையை மாற்றினால் எண்ணெய் ஈரத்தோடு இன்னும் உள்ளே போகும்.

பெரம்பூர் பென்ஷனர் | செவ்வாய், காலை 9.20

இஸ்திரி முறை தெரியுமா? கறை மேல் பழுப்புத் தாளை வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒற்றினால் எண்ணெய் இளகித் தாளுக்கு வரும். யூனிஃபார்மில் மெழுகு விழுந்தால் அப்படித்தான் எடுப்போம்.

இஸ்திரிப்பெட்டி | செவ்வாய், காலை 10.15

என் பெயரைச் சொன்னதால் வந்தேன். மின்ட் பக்கம் சலவைக் கடையில் வேலை செய்கிறேன், ஸ்வேட் ஜாக்கெட்டும் அவ்வப்போது வரும்.

ஐயா சொன்னது வேலை செய்யும், ஆனால் துணிக்கு இருக்கிற பொறுமை தோலுக்குக் கிடையாது. தோல் பொட்டு ஈரம்கூட இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும், ஈரத் தோலில் சூடு பட்டால் சுருங்கி விறைத்துவிடும், அதைத் திருப்பவே முடியாது. பெட்டி மிகக் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல், ஷூவுக்குள் துணியை இறுகத் திணித்து, மூன்று நொடி ஒற்றி எடுத்துத் தாளைப் பார்க்க வேண்டும். தாளில் எண்ணெய்ப் பொட்டு தெரிந்தால் தாளை நகர்த்தி இன்னொரு தடவை. செய்தித்தாளை வைத்துவிடாதீர்கள், தலைப்புச் செய்தி ஷூவில் அச்சாகிவிடும். பவுடர் இரண்டு ராத்திரி முடிந்த பிறகு, மிச்சம் இருந்தால் மட்டும்.

தண்டையார்பேட்டை 81 | வியாழன், காலை 7.45

இரண்டாவது ராத்திரி பவுடர், நேற்று மூன்றாவது. எறும்பு இல்லை. இரண்டாவது நாள் பவுடர் லேசாக மஞ்சளித்தது, மூன்றாவது நாள் வெள்ளையாகவே இருந்தது, அப்படியென்றால் வரவேண்டியது வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? இஸ்திரியும் இரண்டு ஒற்று ஒற்றினேன், தாளில் மிளகு அளவு பொட்டு, அவ்வளவுதான். பகல் வெளிச்சத்தில் நடுவட்டத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கோடு மட்டும் நிற்கிறது. மூன்று நாள்தான் இருக்கிறது.

இஸ்திரிப்பெட்டி | வியாழன், காலை 8.30

இப்போது நுரை முறை. அரை டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு ஸ்பூன் விட்டு முட்டை அடிக்கிற மாதிரி அடி. நுரையை மட்டும் ஸ்பாஞ்சில் எடு, கீழே இருக்கிற தண்ணீரைத் தொடாதே. கோட்டை மட்டும் துடைத்தால் புதிதாக ஒரு கோடு வரும், அதனால் அந்தத் துண்டு முழுவதையும், தையலிலிருந்து தையல் வரைக்கும், ஒரே சீராக நுரையால் ஒற்று. ஈரம் நிற்கிற எல்லை தையலோடு முடிந்தால் கண்ணுக்குத் தெரியாது. கடையில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே இதுதான். அப்புறம் சுத்தமான ஈரத் துணியால், அதே மாதிரி தையல் வரைக்கும், நுரையை எடு.

முக்கியம், போர் தண்ணீர் வேண்டாம். தண்டையார்பேட்டையில் பல வீட்டுத் தண்ணீர் எப்படி உப்புக் கரிக்கும் என்று உனக்கே தெரியும், காய்ந்ததும் வெள்ளை பூத்து நிற்கும். கேன் தண்ணீர் எடு.

காய வைப்பது நிழலில், ஃபேன் அடியில், உள்ளே வெள்ளைத் தாளைத் திணித்து. மழைக் காலம், ஒரு நாள் முழுக்க ஆகும். காய்ந்ததும் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும், பயப்படாதே, பிரஷ்ஷால் எல்லாப் பக்கமும் வாரிவிட்டால் இழை எழுந்துவிடும். கடைசியில் ஒரே திசையில் வாரு.

லாஞ்ச் மெக்கானிக் | வியாழன், காலை 9.10

பெட்ரோல் விஷயத்தில் தோற்றுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். என் மச்சானின் ஸ்வேட் பூட்ஸில் பைக் செயின் கிரீஸ், ஆறு மாதப் பழசு, கன்னங்கரேல் என்று இருக்கிறது. அதற்கும் பவுடர்தானா?

பெரியமேட்டுக்காரன் | வியாழன், காலை 9.50

இல்லை. செயின் கிரீஸில் எண்ணெய் மட்டும் இல்லை, இரும்புத் துகளும் அழுக்கும் சேர்ந்திருக்கிறது, பவுடர் எண்ணெயைக் குடிக்கும், கறுப்பைக் குடிக்காது. ஸ்பூன் ஓரத்தால் மேலே கட்டியிருப்பதைச் சுரண்டுங்கள். அப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் செல்போன் ரிப்பேர் செய்கிறவர்கள் ஐ.பி.ஏ. என்று ஒரு ஆல்கஹால் வைத்திருப்பார்கள், அதை வெள்ளைத் துணியில் தொட்டு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள், ஒவ்வொரு ஒற்றுக்கும் துணியை மாற்றுங்கள். முதலில் நாக்குக்கு உள்பக்கம் தொட்டுப் பாருங்கள், துணியில் ஷூவின் நிறம் வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம். நிழல் மாதிரி கொஞ்சம் நின்றுவிடும், அதை ஸ்கூல் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் தேய்த்து இழையைக் கிளப்பலாம். முழுக்கப் போகும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

தண்டையார்பேட்டை 81 | சனி, காலை 11.00

கோடு போய்விட்டது! ஆனால் புதுப் பிரச்சினை, வலது ஷூவின் முன்துண்டு இடதைவிட ஒரு மாற்று வெளுப்பாக இருக்கிறது. இத்தனை நாள் கடை அலமாரியில் இருந்த தூசிகூட இதில் போய்விட்டது போல.

வண்ணை அக்கா | சனி, காலை 11.12

இடதையும் அதே மாதிரி செய். இன்றே, உடனே. ஒரு காதில் மட்டும் தோடு போட்டுக்கொண்டா போவாய்?

தண்டையார்பேட்டை 81 | திங்கள், காலை 8.20

சனி ராத்திரி முழுக்க இடது ஷூவை ஃபேனுக்கு நேராக வைத்துவிட்டு நான் வேர்த்துக்கொண்டு தூங்கினேன். ஞாயிறு காலை இரண்டையும் பிரஷ் செய்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால் எது கறை பட்ட ஷூ என்று அம்மாவால் சொல்ல முடியவில்லை, நான் மட்டும் கண்டுபிடிப்பேன், இழை கொஞ்சம் குட்டையாக இருக்கிறது, முதல் நாள் டிஷ்யூவால் தேய்த்த வினை. ரிசப்ஷனில் பெரியப்பா "புது ஷூவா?" என்று கேட்டார். பந்தியில் காலை நாற்காலிக்கு அடியில் உள்ளே இழுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், சாம்பார் வாளி பக்கத்தில் வந்தபோதெல்லாம் ஐயாவை நினைத்துக்கொண்டேன்.

எல்லோருக்கும் நன்றி. பெரியமேட்டு அண்ணே, கடைக்கு ஒரு நாள் வருகிறேன். மழை முடிகிற வரை ஷூவை பாலிதீன் பையில் கட்டி பீரோவில் வைக்கப் போகிறேன்.

பெரம்பூர் பென்ஷனர் | திங்கள், காலை 8.31

பாலிதீனில் கட்டினால் பூஞ்சை பூத்துவிடும், தையில் திறக்கும்போது இதே கூட்டத்தைத் திரும்பக் கூட்டுவாய். பழைய தலையணை உறையில் போட்டு, ஷூ வாங்கிய பெட்டியில் ஒரு சின்ன ஜெல் பொட்டலம் வந்திருக்குமே, அதையும் உள்ளே போடு. வாரம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட வை.

தண்டையார்பேட்டை 81 | திங்கள், காலை 8.34

அந்தப் பொட்டலத்தை வாங்கிய அன்றே தூக்கிப் போட்டுவிட்டேன் ஐயா.

பெரம்பூர் பென்ஷனர் | திங்கள், காலை 8.35

தெரியும்.